எழுபத்தேழு பவுன்

மலை சைக்கிள் என்றுதான் பில்லில் இருக்கிறது.
கோட்டையூரில் மலை இல்லை.
குன்றக்குடிக்குப் போனால் ஒன்று உண்டு,
அதற்கும் படி கட்டிவிட்டார்கள்.

இருந்தாலும் முன்னால் மூன்று பல்சக்கரம் வைத்து விற்றார்கள்.
நானும் வாங்கினேன்.
வீட்டுக்கும் காரைக்குடி நகைக்கடன் கவுண்டருக்கும் நடுவே
நாலு வருஷம் மூன்றையும் சுமந்தேன்.

போன ஐப்பசியில் ஒருநாள் லேட்.
என்றைக்குமில்லாமல் பெரியதில் போட்டு மிதித்து வந்தவள்
ரயில்வே கேட்டில் மணி அடிக்கவும்
இடது கட்டைவிரலை அமுக்கினேன்.
பெரியதிலிருந்து இறங்கிய செயின்
நடுவிலதில் நிற்காமல், சின்னதையும் தாண்டி,
சட்டத்துக்கும் கிராங்குக்கும் நடுவில் போய்ச் செருகிக்கொண்டது.
தண்டவாளத்தின் மேல் நான்.
கேட்கீப்பர் திட்டியது என்னையா சைக்கிளையா தெரியவில்லை.
தூக்கிக்கொண்டு ஓடினேன், பதினைந்து கிலோ.
யூனிஃபார்ம் சுடிதாரில் செயினின் அச்சு
ஒரு கண்ணி விடாமல் விழுந்திருந்தது.

கோயம்புத்தூரிலிருந்து கூரியரில் ஒற்றைச் சக்கரம் வந்தது.
முப்பத்திரண்டு பல்.
ஒரு பல் தடிப்பு, அடுத்தது மெலிவு, மாறி மாறி.
செயினை அதுவே கவ்விக்கொள்ளுமாம்,
தள்ளிவிட ஆளும் வேண்டாம், தாங்கிப்பிடிக்க ஆளும் வேண்டாம்.

லேத் பட்டறை சகுபர் சாதிக்
கிராங்கு கழற்றும் திருகை இரவல் தந்தார்.
சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றார்.
கிராங்கு அசையவில்லை.
மண்ணெண்ணெய் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.
வந்து ஸ்பேனர் மேல் ஏறி நின்றேன்.
டக்.
தெருவில் இரண்டு நாய்கள் எழுந்து பார்த்தன.

கழற்றித் துடைத்து வரிசையாகச் செய்தித்தாளில் வைத்தேன்.
பெரியது, அநேகமாகப் புதுசு.
சின்னதில் கம்பெனி கிரீஸ் கூடக் கலையவில்லை.
நடுவிலது மட்டும் ஒவ்வொரு பல்லும்
சுறாவின் முதுகு மாதிரி சாய்ந்து தேய்ந்திருந்தது.

புதியதை மாட்டி போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும்
சக்கரம் கடகடவென்று ஆடியது.
திருகையைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டேன்.
"ரெண்டு பேரைச் சேத்துப் பிடிச்ச போல்ட்டும்மா,
ஒத்த ஆளைப் பிடிக்க நீளம் ஜாஸ்தி"
என்று நாலையும் வாங்கி
இரண்டிரண்டு மில்லி தேய்த்துக் கொடுத்தார்.
காசு வாங்கவில்லை. டீ வாங்கித் தரச் சொன்னார்.

செயினில் எட்டுக் கண்ணி அதிகம்.
அறுத்தேன்.
கைப்பிடியில் லீவர் இருந்த இடத்தில்
வெயில் படாத ரப்பர், ஒரு விரற்கடை, கன்னங்கரேலென்று.

திங்கட்கிழமை, மேனேஜர் வருமுன்,
கழற்றியது எல்லாவற்றையும் நகைத் தராசில் வைத்தேன்.
மூன்று சக்கரம், தள்ளி, லீவர், கேபிள், அறுத்த கண்ணிகள்.
அறுநூற்றுப் பதினாறு கிராம்.
எட்டால் வகுப்பது எங்களுக்குக் கைப்பழக்கம்:
எழுபத்தேழு பவுன்.
பக்கத்து கவுண்டர் சிகப்பி எட்டிப் பார்த்தாள்.
"எந்த வீட்டுக் கல்யாணம்டி? செய்கூலி சேதாரம் போக எவ்வளவு நிக்கும்?"
மேலே கேமரா. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டோம்.

பெரியதைப் பழம்பொருள் கடைக்காரர் கேட்டு வாங்கிப்போய்
எனாமல் தட்டுகளுக்கு நடுவில் மாட்டியிருக்கிறார்.
ரங்கூன் கடிகாரத்தில் இருந்ததாம்.
நான் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒன்பது மாதமாக ஒருமுறை கூடச் செயின் கழலவில்லை.
கேட்டை நெருங்கினால் மட்டும்
கட்டைவிரல் தானாகப் போய்
அந்தக் கறுத்த ரப்பரை அமுக்கும்.

ஆடி பிறந்தது.
கண்மாய்க்கரையில் எதிர்க்காற்று
துப்பட்டாவைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறது.
புழுதி பல்லில் கடிபடுகிறது.
பின்னால் இருப்பதிலேயே பெரிய பல்லில் போட்டும்
மிதி இறங்கவில்லை.
நாலு வருஷத்தில் ஒருநாளும் தொடாத
அந்தச் சின்னச் சக்கரம் இருந்தால் தேவலை
என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்.

அது ஆபீசில் என் மேஜை மேல் இருந்தது,
ஃபேன் காற்றில் அடகு ரசீதுகள் பறக்காமல்.